தண்ணீர்ப் பலகையில் முதலிடம்

மாஸ்டர் முதலில் சோபா தூக்கிக்கொண்டிருந்தவர். பதினாறு வயதில் ஒரு மரச்சாமான் கடையில் சேர்ந்து, பத்து வருடம் கட்டிலும் பீரோவுமாக மாடி மாடியாக ஏற்றி இறக்கினார். இருபத்தாறாவது வயதில் மூன்று கதவு பீரோ ஒன்றோடு படிக்கட்டு வளைவில் திரும்பியபோது இடுப்பு பிசகிவிட்டது. நான்கு மாதம் படுக்கை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த ஒரு பெண்தான் அவரைத் தரையிலிருந்து எழுந்திருக்கப் பழக்கினாள். புரண்டு, மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி எழுந்த அன்றைக்கு அவருக்கு ஒரு ஞானம் பிறந்ததாம். விழுந்த மனிதனுக்கு எழுந்திருக்கத் தெரிய வேண்டும், மற்ற உடற்பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்தான் என்பார்.

பிறகு சுவரெல்லாம் கண்ணாடி பதித்த பெரிய ஜிம் ஒன்றில் துண்டு மடிக்கும் வேலைக்குப் போய், மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்து, பயிற்சியாளர் ஆனார். அங்கே ஆறு வருடம். ஒரு நாள் வசதியான வாடிக்கையாளர் ஒருவரிடம், மெஷினில் ஓடுவதற்குப் பதில் காரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்கு நடந்து போங்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி அவரையே நடந்து போகச் சொல்லிவிட்டார்.

அப்படி நடந்து வந்தவர்தான் என் தையல் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த கிடங்கை வாடகைக்குப் பிடித்தார். கண்ணாடி கிடையாது, மெஷின் கிடையாது. மணல் மூட்டைகள், கயிறு, பழைய மர ஸ்டூல்கள், முப்பது பாய். சுவரில் தன் கையாலேயே பெயின்டில் எழுதினார்: ‘அசை. அளவாகச் சாப்பிடு. ஆளோடு சேர்.’ எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருக்கும். மூன்று வார்த்தையைக் கோடு போட்டு எழுதத் தெரியாதவரா எனக்கு உடம்பை நிமிர்த்தச் சொல்லித்தரப் போகிறார் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

தலைக்கு மேலே முப்பது பேர் குதித்தால் தையல் மெஷினில் ஊசி நேராக ஓடுமா? சண்டை போடத்தான் முதல் நாள் மேலே ஏறினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, உட்கார்ந்தே செய்கிற தொழில். பதினெட்டுப் படி ஏறுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் உட்காருங்கள் என்றார். அடுத்த வாரம் குதிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. கீழே என் கடையில் ஊசி வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்குப் பத்து வருடமாக மனைவிதான் ஷூ கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டரிடம் மூன்று மாதம் வந்தபின் ஒரு நாள் தானே குனிந்து கட்டினார், கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மாவு டப்பா, சத்து பவுடர் என்று எதையும் மாஸ்டர் யார் தலையிலும் கட்டியதில்லை. தட்டில் பாதி காய் இருக்கட்டும், பசித்தால் சாப்பிடு, பேசிக்கொண்டே சாப்பிடு, தனியாகச் சாப்பிடாதே என்பார். வகுப்புக்கு யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்கே நடந்து போவார். அதுவும் அன்றைய நடைப்பயிற்சிக் கணக்கில் சேரும்.

ஒரே ஒரு குறை. அவருக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது. முட்டி வலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை, மாமியார் தொல்லை, எதைக் கேட்டாலும் பதில் கையிலேயே இருக்கும். கேட்பவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டரிடம் போனால் வரிசையில் உட்கார வேண்டும், இவரிடம் ஸ்டூல் தயாராக இருக்கும்.

அவர் எடை மெஷினை நம்பமாட்டார். எடை மெஷின் ஆளைப் பார்த்துப் பொய் சொல்லும், இஞ்சு டேப் சொல்லாது என்பார். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எல்லாரும் வரிசையாக என் கடைக்கு இறங்கி வருவார்கள். திரைக்குப் பின்னால் நிறுத்தி இடுப்பு, மார்பு, கை, தொடை என்று அளந்து நான் நோட்டில் எழுதுவேன். மாஸ்டர் என்னை எல்லார் முன்னாலும் ‘நம்ம ஜட்ஜ்’ என்பார். முப்பது வருடம் தைத்தும் கிடைக்காத மரியாதை அது. கொஞ்சம் தலைக்கேறித்தான் போயிருந்தது.

இனி பன் அக்கா. எதிர்ச்சாரி பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்பவள். என்னைவிட ஏழு வயது சின்னவள், ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டப்பெயரே அப்படி அமைந்துவிட்டது. உருண்டையாக, சிரித்த முகமாக இருப்பாள். உடம்பைக் குறைக்கிற வகுப்புக்கு முதல் நாளே முப்பது சூடான பன் கொண்டுவந்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மாஸ்டர் சிரித்துவிட்டு ஆளுக்குப் பாதி என்று பிய்த்துக் கொடுத்தார். அவள் புருஷன் லாரி மெக்கானிக், அதிகம் பேசாத மனிதன். விடியுமுன் அடுப்புக்கு முன்னால் நின்று, மதியம் வீட்டு வேலை முடித்து, நான்கு மணி வகுப்புக்கு அவள்தான் முதலில் வந்து பாய்களை விரிப்பாள்.

ஒரு வருடத்துக்குமேல் ஆனது, அவள் உடம்பில் அரை இஞ்சு குறையவில்லை. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. அவளுக்கு இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் மாஸ்டர் நூறு நாள் பந்தயம் வைத்தார். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி எங்கள் எல்லார் பட்டப்பெயரையும் எழுதினார். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. வாரக்கடைசியில் அதிகக் கோடு யாருக்கோ அவருக்கு எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். நூறு நாள் முடிவில் தண்ணீர்க் கோடும் என் டேப் கணக்கும் சேர்த்துப் பார்த்து முதலிடம். தண்ணீர் குடிக்கப் பந்தயம் வைத்த கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அப்போது எனக்கு அது வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை, நானும் முக்கி முக்கிக் குடித்தேன்.

முதல் மாதம் பன் அக்கா எட்டாவது இடத்தில் இருந்தாள். இரண்டாவது மாதம் திடீரென்று மேலே வந்தாள். பத்து கிளாஸ், பதினான்கு, பதினெட்டு. வகுப்புக்கு நடுவில் கழிவறைக்கு ஓடுவாள், நாங்கள் ‘டேங்க் லாரி கிளம்பிடுச்சு’ என்று கேலி செய்வோம், அவளும் சிரிப்பாள். அடுப்புச் சூட்டில் நிற்கிறவள், தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று பேசிக்கொண்டோம். உடம்பும் மளமளவென்று குறைந்தது. சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி வந்தாள், மூன்று வாரத்தில் மறுபடி வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அவள் முகம் சிவந்துபோய், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்ப்பாள். பன் அக்கா என்று இனி யாரும் கூப்பிடக் கூடாது, சாம்பியன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மாஸ்டர் உத்தரவு போட்டார்.

அவள் சொல்லாமலும் இல்லை. ஒரு நாள் என் எதிரிலேயே மாஸ்டரிடம், ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, நாக்கு காய்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்றாள். உடம்பு உள்ளே இருக்கிற அழுக்கைக் கழுவுகிறது, நல்ல அறிகுறி, விட்டுவிடாதீர்கள் என்றார் மாஸ்டர். இரவுச் சாப்பாட்டை மட்டும் பாதியாக்கச் சொன்னார். அவள் ஒரு மாணவி மாதிரி தலையாட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாத அளவெடுப்பு. அவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி இடுப்பை அளந்தேன், நன்றாகக் குறைந்திருந்தது. கையை அளந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. ஒரே மாதத்தில் மேல்கை இரண்டு இஞ்சு போயிருந்தது. தோள்பட்டை எலும்பு துணிக்கு மேலேயே தெரிந்தது. சாப்பாட்டைக் குறைத்து ஓடியாடி இளைத்த உடம்பு எப்படி இருக்கும், உள்ளே ஏதோ தின்று இளைத்த உடம்பு எப்படி இருக்கும் என்று முப்பது வருடம் ஆட்களை அளந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? நோயில் கிடந்து எழுந்தவர்கள், எழாமல் போனவர்கள், எத்தனை பேர் உடுப்பைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அடுத்த கையைத் தூக்கு என்றேன்.

அவள் போனபின் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று பாதிப்படி ஏறினேன். அந்த மாதம் என் இடுப்பு அரை இஞ்சு கூடியிருந்தது. தண்ணீர்ப் பலகையில் நான் கடைசியிலிருந்து மூன்றாவது. நான் போய் சாம்பியனுக்கு ஏதோ நோய் போல இருக்கிறது என்றால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? வயிற்றெரிச்சல் என்பார்கள். ஜட்ஜே அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்பார்கள். பாதிப்படியிலேயே நின்று யோசித்துவிட்டு இறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதும்போது கூட எனக்குக் காது சுடுகிறது.

நூறாவது நாள் அவள்தான் முதல். மாஸ்டர் தன் கைக்காசில் ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கிப் பரிசளித்தார். அவளே மாட்டிக்கொண்டு இரண்டு சுற்று நடந்தாள். எங்கேயாவது கடிக்கிறதா என்று கேட்டார். காலில் போட்டிருக்கிறதே தெரியவில்லை என்றாள். உசத்தியான ஷூ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் பூரித்துப்போனார். அவளுடைய பழைய உருண்டைப் படத்தையும் புதிய ஒல்லிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பேனர் அடித்து கட்டட முகப்பில், என் கடைப் பலகைக்குச் சரியாக மேலே கட்டினார். பேக்கரியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பேக்கரிக்காரர் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவள் வெறும் தட்டுகளை அடுப்புக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஏன் என்று கேட்டால் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசுகிறாளாம். மேலே மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் இரண்டிரண்டு படியாக இறங்கினார், பின்னாலேயே நான். நாங்கள் போனபோது அவள் மாவு மூட்டையில் சாய்ந்து, வாயால் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளை இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கிய மறுநொடி அவர் முகம் மாறிவிட்டது. பத்து வருடம் பாரம் தூக்கிய கை அது. எது எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். ரொட்டி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் வயதில் சின்னப் பெண். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த கருவி எண்ணே காட்டவில்லை, அதன் கணக்குக்கும் மேலே போயிருந்தது. பல வருடமாக உள்ளே இருந்த சர்க்கரை நோய் இந்த மூன்று நான்கு மாதத்தில் தலைவிரித்து ஆடியிருக்கிறது என்றாள். ஷூவைக் கழற்றினார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் உரசி உரசிப் புண்ணாகி, கறுத்துப்போயிருந்தன. உணர்ச்சி போன கால், அதனால்தான் கடித்தது அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் புருஷன் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான். எத்தனை நாளாகத் தாகம் என்று டாக்டர் அவனைக் கேட்டாள். அவன் பாவம், கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

“தண்ணி நிறையக் குடிப்பா டாக்டர். பந்தயத்துல இவதான் ஃபர்ஸ்ட்டு.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினாள். என்ன பந்தயம் என்று அவள் கேட்டதும் அவன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவரே அந்தப் பலகையைப் பற்றி, கோடுகளைப் பற்றி, தாழ்ந்த குரலில் சொன்னார். டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. அவள் தலையைக் குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

உயிர் பிழைத்தாள். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் போகும்போதெல்லாம் புருஷன் அவர் கையைப் பிடித்துக்கொள்வான். நீங்க தூக்கிட்டு வரலைன்னா அவ இன்னைக்கு இல்லை என்பான். டாக்டரிடம் அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு அன்றைக்கு ஏறவேயில்லை. பதற்றத்தில் இருந்தான். மாஸ்டர் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நிற்பார். அடிபட்டால்கூட மனிதன் இவ்வளவு கூனிப்போக மாட்டான்.

பேனரை யாரும் பார்க்காத நேரத்தில் அவிழ்த்துவிட்டார். வகுப்பை நிறுத்திவிட்டார். நான் மேலே போய்ப் பார்த்தபோது, பாயில் உட்கார்ந்து தண்ணீர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெயருக்கு நேரே கோடுகள் பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தன. போய் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றார். எதற்கு, அவர்களே உங்களைத் தெய்வமாக நினைக்கிறார்கள், சும்மா இருக்கிறதைக் கிளறுவானேன் என்று நான் தடுத்தேன். அவருக்காகச் சொன்னேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பேச்சை எடுத்தால் டேப் பேச்சும் வரும் என்ற பயம்தான் நிஜம். அவர் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பித்தானே இங்கே வருகிறார்கள், அந்த நம்பிக்கையில் வாங்கின நன்றியை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்றார். தனியாகப் போகத் தைரியம் இல்லை, நீங்களும் வாருங்கள் என்றார்.

இரண்டு அறை வீடு. ஜன்னலோரமாக நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் மருந்துகளும் ஊசியும் வரிசையாக இருந்தன. புருஷன் எங்களுக்கு உட்கார இடம் ஒழித்துக் கொடுத்தான். மாஸ்டர் உட்காரவில்லை.

“அக்கா, இது என்னால வந்தது. தாகமா இருக்குன்னு நீங்க சொன்னப்ப எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். களைப்பா இருக்குன்னு சொன்னப்ப சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னேன். அந்த ஷூவும் நான் கொடுத்ததுதான். எனக்குத் தெரியாத விஷயம், ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். தெரியாதுன்னு சொல்ல எனக்கு வெக்கம்.”

புருஷனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் கை இறுகியதைப் பார்த்தேன். ஆனால் முதலில் பேசியது அவள்தான். கோபமே இல்லாமல் பேசினாள்.

“எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மாஸ்டர். எங்க அம்மாவுக்கும் இதே தாகம்தான். ஆனா பலகையில என் பேரு மேல இருந்துச்சே. ஆஸ்பத்திரிக்குப் போனா அழிச்சிடுவாங்கன்னு பயம். பள்ளிக்கூடத்துல, வீட்டுல, வேலையில, எங்கயும் எனக்குன்னு யாரும் எழுந்து நின்னு கைதட்டுனது இல்லை. நாப்பத்தஞ்சு வயசுல கிடைச்சுது, விட மனசு வரலை.”

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டார். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். முப்பதில் ஒருத்தி என்று நினைத்தபோது சற்று லேசாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“டைலர் அக்கா, கடைசியா என் கையை அளந்தப்ப உங்க முகம் மாறிச்சு. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னீங்க. உங்களுக்கு மட்டும்தான் அது தெரிஞ்சிருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. புருஷன் என்னையே பார்த்தான். அவள் கண்ணில் இருந்தது குற்றச்சாட்டு இல்லை, ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடு, உன்னையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஒரு காத்திருப்பு. வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்போது மாஸ்டர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“அவங்க எங்கிட்ட சொன்னாங்க அக்கா. அன்னைக்கே மேல ஏறி வந்து சொன்னாங்க. நான்தான், உங்க வேலையைப் பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“சொல்லியும் கேக்கலையா நீங்க?” என்றான் புருஷன்.

“கேக்கலை.”

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். இனிமேல் இந்த வாசலில் கால் வைக்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொன்னான், குரலை உயர்த்தாமல். மாஸ்டர் அவளுக்கு ஒரு முறை தலை குனிந்துவிட்டு வெளியே போனார். நானும் எழுந்தேன். நீங்க உட்காருங்க, டீ போடுறேன் என்றான் அவன். நான் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டான், அதற்கும் பதில் சொன்னேன்.

மறுநாள் காலை கடை திறக்க வந்த என்னை மாஸ்டர் படியில் நிறுத்தி, எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கும்முன் அவரே சொன்னார். அவளுக்கு இனிமேல் தினமும் கால் புண்ணைப் பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், மெதுவாக நடக்கப் பழக வேண்டும். நம்பிக் கைபிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேரையும் அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? என் பெயர் ஏற்கெனவே போய்விட்டது, அதன்மேல் இன்னொன்று விழுந்தால் என்ன கனம் கூடிவிடப் போகிறது என்றார். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை, வெட்கம்கூட முழுசாக இல்லை. தப்பித்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வகுப்பு மறுபடி நடக்கிறது. முப்பது பேர் பதினொன்றாகிவிட்டார்கள். யார் புதிதாக வந்தாலும் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துச் சீட்டு வாங்கி வந்தால்தான் பாய் விரிக்க விடுகிறார், அதனால் பாதிப் பேர் சீட்டு வாங்கப் போய் அப்படியே திரும்புவதில்லை. தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் பயிற்சியை நிறுத்திவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்காருகிறார். டைலர் அக்கா சொல்லியும் கேட்காமல் ஒருத்தியின் கால்விரலைப் போக்கிய ஆள் என்று தெருவில் அவரைக் காட்டிப் பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் காதில் விழாத மாதிரி நடந்துபோகிறார். என்னைப் பார்த்தால் பழையபடி வணக்கம் சொல்கிறார். நான்தான் மெஷின் ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொள்கிறேன்.

தினமும் மாலையில் நான் பன் அக்கா வீட்டுக்குப் போகிறேன். டாக்டர் இருபது நிமிடம் நடக்கலாம் என்று அனுமதித்திருக்கிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெத்தென்ற புதுச் செருப்பில், தெருமுனை வரை நடந்து திரும்புவாள். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. நேற்று தெருமுனை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, இவர் உங்கள் அக்காவா என்று என்னைக் காட்டி அவளிடம் கேட்டாள். கூடப் பிறக்கவில்லை, அதைவிட மேல் என்றாள் அவள். பிறகு என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

“அத்தனை பேர் கைதட்டிக்கிட்டிருந்தப்ப, எனக்காகப் போய்ப் பேசினது இவங்க ஒருத்தர்தான்.”

பார்த்து வா, இங்கே ஒரு படி இருக்கிறது என்றேன் நான்.